தோல் வட்டுக்கு விட்ட எண்ணெய்

என் தங்கைக்கு இரண்டு பிள்ளைகள் வயிற்றிலேயே போயின. மூன்றாவது தங்கியிருக்கிறது என்று கிள்ளான் பக்கத்து ரப்பர்த் தோட்டத்திலிருந்து சேதி வந்தபோது நான் பட்டணத்தில், பிரிக்ஃபீல்ட்ஸ் பக்கம், வாடகைக் கார் ஓட்டிக்கொண்டிருந்தேன். கார் என்னுடையதுதான். இரண்டு வெள்ளைக்காரர்கள் ஓட்டித் தேய்த்த பிறகு என் கைக்கு வந்தது. மட்கார்டை அழுத்திவிட்டால் நல்ல வண்டி ஒரு தடவை எழும்பி அடங்கும்; என்னுடையது ஆறேழு தடவை தலையாட்டும். சவாரிக்காரர்கள் திட்டினால் நானும் பதிலுக்குத் திட்டிவிட்டுப் போய்க்கொண்டே இருப்பேன். ஆனால் நாள் நெருங்கும்போது அவளை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போக இதை விட்டால் தோட்டத்து லோரிதான். அதில் ஏறினால் திடமான ஆளுக்கே குடல் வாய்க்கு வந்துவிடும்.

அந்தக் காலத்து ஷாக் அப்சார்பர் இப்போது வருகிற குழாய் மாதிரி இருக்காது. கத்தரிக்கோல் போல இரண்டு இரும்புக் கைகள். அவை சேரும் இடத்தில் வட்ட வட்டமாகத் தோல், நடுவே ஒரு நட்டு. தோல் உரசுவதால்தான் ஆட்டம் அடங்கும். நான்கு சக்கரத்துக்கும் புதிதாக வாங்க எனக்கு வக்கில்லை. செந்தூல் ரயில் பட்டறையில் ஃபிட்டராக இருந்த சிநேகிதர் ஒருவர் வந்து கழற்றிப் பார்த்தார்.

"இரும்பு நல்லாத்தான் இருக்கு. தோலுதான் செத்துப்போச்சு. எதுக்கு முழுசா மாத்தணும்?"

எங்கள் வரிசையில் கடை வைத்திருந்த சீனச் செருப்புக்காரர், பழைய வட்டை வைத்து அளவெடுத்து, அடித்தோலில் புதிதாக வெட்டிக் கொடுத்தார். ஒரு ஞாயிற்றுக்கிழமையிலேயே வேலை முடிந்தது. போகும்போது ஃபிட்டர் சொன்னார்: "நாலையும் ஒரே மாதிரி முடுக்கு. வில்லுப்பட்டை ஸ்பிரிங்குக்கு எவ்வளவு வேணும்னாலும் எண்ணெய் விடு. இதுக்கு மட்டும் ஒரு சொட்டு காட்டாதே லா. உரசினாத்தான் இது வேலை செய்யும்."

அடுத்த வாரமே தோட்டத்துக்குப் போய்த் தங்கையை ஏற்றிச் செம்மண் சாலையில் ஒரு சுற்று வந்தேன். "என்னாண்ணே, வண்டி ஓடுதா நிக்குதா?" என்று சிரித்தாள். எனக்குத் தலைகால் புரியவில்லை.

அவளுக்கு ஏழாம் மாதம் நடக்கும்போது ஆயுத பூஜை வந்தது. சாமி முன்னால் நிற்கிற இரும்பு வறண்டிருக்கக் கூடாது என்பது எங்கள் ஆட்களின் பழக்கம். காரைக் கழுவி, துடைத்து, எண்ணெய்க் குவளையை எடுத்துக்கொண்டு மூட்டு மூட்டாக விட்டுக்கொண்டே வந்தேன். அந்த நான்கு வட்டுகளிடம் வந்ததும் கை நின்றது. ஃபிட்டர் சொன்னது மறக்கவில்லை, நன்றாகவே ஞாபகம் இருந்தது. இருந்தும், வருஷத்தில் ஒரு நாள், சாமிக்காக ஒரு சொட்டு, என்ன ஆகிவிடப்போகிறது என்று நினைத்தேன். என் புத்தியைச் செருப்பால் அடிக்க வேண்டும். ஒரு சொட்டோடும் நிற்கவில்லை. நான்குக்கும் தாராளமாக விட்டேன். மேலே சந்தனமும் குங்குமமும் வைத்தேன். பூஜை போட்ட வண்டியை அன்று எடுக்கக் கூடாது என்பதால் ஓட்டிப் பார்க்கவும் இல்லை.

மறுநாள் காலை முதல் ரயிலில் தங்கையின் புருஷன் வந்து நின்றார். அவளுக்கு உதிரம் படுகிறதாம். தோட்டத்து மருந்துக்காரர் படுக்க வைத்து மருந்து கொடுத்திருக்கிறார். கிள்ளான் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக வேண்டும், ஆனால் குலுங்கவே கூடாது என்று சொல்லியிருக்கிறார். "எங்கண்ணன் வண்டிய கொண்டுட்டு வாங்க, வேற எதிலயும் ஏறமாட்டேன்னு சொல்லிட்டா மச்சான்" என்றார்.

கிள்ளான் வரை தார்ச்சாலை. வண்டி லேசாக மிதந்தது. நான் வேகத்தின் மேல் பழி போட்டேன். அவளை ஏற்றிக்கொண்டு தோட்டத்துச் சாலையில் முதல் பள்ளத்தில் இறங்கியபோதுதான் தெரிந்தது. வண்டி எழும்பியது, அடங்கவில்லை. நடக்கிற வேகத்துக்குக் குறைத்தும் ஒவ்வொரு பள்ளத்துக்கும் ஐந்தாறு ஆட்டம். பின்சீட்டில் அவள் பல்லைக் கடித்துக்கொண்டு கிடந்தாள். நிறுத்திவிட்டு அடியில் புகுந்தேன். வேட்டியால் துடைத்தேன், நட்டுகளை முடிந்தமட்டும் முடுக்கினேன். ஊறிய தோல் எங்கே பிடிக்கப்போகிறது? குனிந்து பார்த்த அவள் புருஷன், "என்னா மச்சான், எண்ணெயா?" என்றார்.

"கொஞ்சம்" என்றேன்.

பிள்ளை அன்று சாயங்காலம் போய்விட்டது. ஆண் பிள்ளை. காலையில் வண்டி ஏறுவதற்கு முன்பே உயிர் போயிருக்கலாம் என்றார் டாக்டர். அந்தப் பேச்சைப் பிடித்துக்கொண்டு நான் பல நாள் தப்பித்துக்கொண்டேன். மாமியார் வந்து கேட்டபோது, "அண்ணன் வண்டி குலுங்கவே இல்ல அத்தே" என்று தங்கை சொன்னாள். நான் அந்தக் கட்டிலுக்குப் பக்கத்தில்தான் நின்றிருந்தேன். எண்ணெயைப் பார்த்த அவள் புருஷனும் நின்றிருந்தார். அவள் திட்டியிருந்தால் பிழைத்திருப்பேன்.

இரண்டு வருஷம் கழித்து அதே ஆஸ்பத்திரியில் பெண் குழந்தை பிறந்தது. இந்தத் தடவை நோவு கண்டதும் எனக்குச் சொல்லியனுப்பவில்லை. லோரியில் வந்து சேர்ந்திருந்தாள். அவள் வீடு திரும்பும் நாளில் நான் தோல் வட்டுகளைப் புதிதாக மாற்றி, காலையிலிருந்து ஆஸ்பத்திரி வாசலில் காத்திருந்தேன். வெளியே வந்தவள் குழந்தையை என் கையில் கொடுத்தாள். பார்த்து முடிக்கும்வரை நின்று, திரும்ப வாங்கிக்கொண்டாள்.

"நாங்க பஸ்ல போயிக்கிறோம்ணே. கோவிச்சுக்காதீங்க."

அவள் குழந்தையை மார்போடு அணைத்துக்கொண்டு பஸ்ஸில் ஏறி உட்கார்ந்தாள். பின்சீட்டில் நான் விரித்து வைத்திருந்த மெத்தையோடு, தோட்டத்துச் சந்திவரை அந்தப் பஸ்ஸின் பின்னாலேயே ஓட்டிக்கொண்டு போனேன்.