இரண்டாம் மாடி, விளக்குப் பிரிவு

சிமெண்ட் தூசியில் இனிமேல் நிற்கவே கூடாது என்று தேனியில் நெஞ்சு டாக்டர் சொன்னபோது என் கணவர் சிரித்துவிட்டார். அவர் எலக்ட்ரீசியன். சுவரில் காடி வெட்டி, அதற்குள் பைப்பைப் பதித்து, ஒயர் இழுத்து வீட்டுக்கு வெளிச்சம் கொண்டுவருகிற வேலை. வெட்டுகிற மெஷினைப் போட்டால் அறை முழுக்கத் தூசி புகை மாதிரி எழும். வாயில் ஒரு துண்டைக் கட்டிக்கொண்டு இருபது வருடத்துக்கு மேலாக அதற்குள்தான் நின்றிருந்தார். அனுமந்தன்பட்டியில் எங்கள் தெருவில் அவர் கை படாத வீடு ஒன்றிரண்டு இருந்தால் அதிகம்.

"தூசி இல்லாம எப்படி சார் ஒயரிங் பாக்குறது?" என்று கேட்டார்.

டாக்டர் எக்ஸ்ரே படத்தை மறுபடி வெளிச்சத்தில் பிடித்துக் காட்டினார். அதற்குப் பிறகு இவர் சிரிக்கவில்லை.

சில மாதம் ஃபேன் மாட்டுவது, மோட்டார் ஸ்டார்ட்டர் பார்ப்பது என்று சில்லறை வேலைகள் பார்த்தார். போதவில்லை. நான் உத்தமபாளையத்தில் ஒரு நர்சரிப் பள்ளியில் டீச்சர். என் சம்பளத்தை மட்டும் வைத்து வீட்டை ஓட்ட முடியாது. அப்போதுதான் தேனியில் பெரிய கடை ஒன்று திறந்தார்கள். டைல்ஸ், குழாய், பெயிண்ட், கதவு, விளக்கு என்று வீடு கட்ட வேண்டியதெல்லாம் ஒரே கட்டடத்தில். எலக்ட்ரிகல் பிரிவுக்கு வேலை தெரிந்த ஆள் தேவை என்றார்கள். போய் நின்றார், எடுத்துக்கொண்டார்கள்.

இரண்டாம் மாடியில் விளக்குப் பிரிவு. நீல டி-ஷர்ட். உள்ளே போகும்போதே செல்போனை லாக்கரில் வைத்துவிட வேண்டும். உட்கார இடம் கிடையாது. வருகிறவர் யாராக இருந்தாலும் சார், மேடம். வெளி வேலை பிடிக்கவே கூடாது. முதலில் ஊர்க்காரர்கள் விடாமல் கூப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். வீடு திரும்பும் பஸ்ஸில் ஒவ்வொருவராகக் கூப்பிட்டு, "இப்ப அந்த வேல பாக்குறதில்லப்பா" என்று சொல்லிக்கொண்டே வருவார். நாளாக நாளாக அழைப்புகள் குறைந்தன. பிறகு நின்றே போயின.

முன்பெல்லாம் சாப்பிட உட்கார்ந்தால் எந்த வீட்டில் என்ன நடந்தது என்று கதை கதையாகச் சொல்வார். இப்போது கேட்டால், "என்னத்தச் சொல்ல, நின்னேன், வந்தேன்" என்பார்.

அந்த வருடம்தான் என் தம்பி உத்தமபாளையத்தில் வீடு கட்டினான். தளம் போட்டு முடித்ததும் எங்கள் வீட்டுக்கு வந்தான்.

"மச்சான், மத்ததெல்லாம் நான் பாத்துக்கிறேன். ஒயரிங் மட்டும் நீங்க வந்து பாத்துக் குடுங்க. வேற ஆளு கை வைக்கக் கூடாது."

இவருக்கு முகம் மலர்ந்துவிட்டது. வார லீவு செவ்வாய்க்கிழமை, அன்றைக்கு அன்றைக்குப் போய் முடித்துவிடலாம் என்றார். நான்தான் குறுக்கே விழுந்தேன். அப்போதும் இருமல் முழுதாக நிற்கவில்லை. "டாக்டர் என்ன சொன்னாகன்னு மறந்து போச்சா? உங்களுக்கு ஒண்ணு ஆச்சுன்னா என் தம்பியா வந்து பாப்பான்?" என்று தம்பி எதிரிலேயே கேட்டேன். தம்பி காபியைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்து போனான். கம்பத்திலிருந்து ஆட்களைக் கூட்டிவந்து வேலையை முடித்துக்கொண்டான்.

வீடு முடிகிற சமயத்தில் லைட், ஃபேன் எடுக்க வேண்டும் என்று தம்பி மனைவி என்னையும் அழைத்தாள். "அண்ணன் இருக்கிற கடைக்கே போவோம் மதினி. நம்ம ஆளு இருக்காகல்ல" என்றாள். நாங்கள் வருவதை அவரிடம் சொல்லலாம் என்று இரண்டு மூன்று தடவை கூப்பிட்டுப் பார்த்தேன். போன் லாக்கரில் அடித்துக்கொண்டிருந்திருக்கும்.

ஞாயிற்றுக்கிழமை. கடையில் நிற்க இடமில்லாத கூட்டம். தம்பி, அவன் மனைவி, நான் மூவரும் மேலே போனோம். கூரை முழுக்க விளக்குகள் எரிந்துகொண்டிருக்க, கண் கூசியது. அவற்றுக்குக் கீழே கைகளை முன்னால் கட்டிக்கொண்டு என் கணவர் நின்றிருந்தார். டி-ஷர்ட்டில் அவரை அங்கே வைத்து அன்றுதான் பார்த்தேன். எங்களைக் கண்டதும் அவர் முகம் ஒரு கணம் மாறி மறுபடி பழையபடி ஆனது.

"வாங்க சார். வாங்க மேடம். என்ன பாக்குறீங்க?"

"என்ன மச்சான், எனக்கே சாரா?" என்று தம்பி சிரித்தான்.

பக்கத்தில் நின்ற சூப்பர்வைசர் திரும்பிப் பார்த்தான். இவரைவிடப் பத்து வயதாவது சின்னவன். "ஏண்ணே, தெரிஞ்சவுகளா?"

"இல்ல சார். கஸ்டமர்."

தம்பியின் சிரிப்பு அப்படியே நின்றது. அவன் மனைவி என்னைப் பார்த்தாள். எனக்கு எங்கே பார்ப்பது என்று தெரியவில்லை.

அதற்குப் பிறகு அரை மணி நேரத்துக்கு மேல் எங்களுக்குக் காட்டினார். எந்த ஃபேனுக்கு எத்தனை வருட வாரண்டி, எந்த லைட் ஹாலுக்கு, எது படுக்கையறைக்கு என்று ஒவ்வொன்றாகச் சொன்னார். தம்பி மனைவி விலை உயர்ந்த ஒரு தொங்கு விளக்கைத் தொட்டபோது, "இது வேண்டாம் மேடம், அடிக்கடி ரிப்பேர் ஆகும்" என்று குரலைத் தாழ்த்திச் சொன்னார். தம்பி எதையும் காதில் வாங்கவில்லை. மேல் அடுக்கிலிருந்து பெட்டி எடுக்கச் சக்கர ஏணியைத் தள்ளிக்கொண்டு வந்தார். நான் வழியில் நின்றிருந்தேன்.

"மேடம், கொஞ்சம் தள்ளிக்கோங்க" என்றார் என்னிடம்.

அன்று அவர் வீட்டுக்கு வந்ததும் கேட்டேன். "யாருன்னு தெரியாதுன்னு சொல்ற அளவுக்கு நாங்க என்ன பண்ணோம்?"

சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டிவிட்டு உட்கார்ந்தார். "சொந்தக்காரங்க வந்தா நாங்க பாக்கக் கூடாது. வேற ஆள விட்டுருவாக. அங்கன ஒருத்தன் இருக்கான், வெல கூடுனதாப் பாத்து மாப்ள தலையில கட்டிருப்பான். ஒயரிங்தான் பண்ணிக் குடுக்க முடியல. சாமானாவது நல்லதா எடுத்துக் குடுக்கலாம்னு பாத்தேன்."

"இத அவன்கிட்டச் சொல்ல வேண்டியதுதான?"

"அதையெல்லாம் சொல்லிக்கிட்டு இருப்பாகளாக்கும்" என்றார்.

பால் காய்ச்சுகிற அன்று விடிவதற்கு முன்னாலேயே போய்விட்டோம். விளக்குகளெல்லாம் எரிய, வீடு நன்றாகத்தான் இருந்தது. வந்தவர்களைத் தம்பி வாசலில் நின்று வாங்க வாங்க என்றான். எங்களைப் பார்த்ததும் "வாக்கா" என்றான், அவ்வளவுதான். உறவுக்காரப் பெரியவர் ஒருவர் மேலே அண்ணாந்து பார்த்து, "என்ன மாப்ள, எல்லாம் உங்க கைவேலையா?" என்று என் கணவரிடம் கேட்டார். அவர் வாயைத் திறக்குமுன் தம்பி, "அவரு இல்ல சித்தப்பா, வெளியாளு" என்றான். இவர் டம்ளர் பாலை நின்றபடியே குடித்துவிட்டு, கடைக்கு நேரமாகிறது என்று பஸ்ஸுக்குக் கிளம்பினார்.

அவர் போன பிறகு தம்பியைத் தனியாக அழைத்து நடந்ததைச் சொன்னேன். முழுதும் கேட்டான்.

"அப்ப காதுல மெதுவாச் சொல்லியிருக்கலாம்லக்கா. என் பொண்டாட்டி முன்னாடி யாரோன்னுட்டாரு" என்றான். பந்தியைக் கவனிக்கப் போய்விட்டான்.

சண்டை என்று எதுவும் வரவில்லை. தீபாவளி, பொங்கலுக்கு வருகிறான், எனக்குச் சேலை கொடுக்கிறான். இவர் வீட்டில் இருக்கிற செவ்வாய்க்கிழமையாகப் பார்த்து ஒருபோதும் வருவதில்லை.

இந்தக் கோடையில் எங்கள் வீட்டுப் படுக்கையறை ஃபேன் கரகரவென்று சத்தம் போட ஆரம்பித்தது. இரண்டு மூன்று செவ்வாய் சொல்லிப் பார்த்தேன். "பாக்குறேன்" என்பார், சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொள்வார். கருவிப் பை கட்டிலுக்கடியில்தான் கிடந்தது. கடைசியில் பள்ளியில் ஒரு டீச்சர் நம்பர் கொடுத்த ஆளை வரச் சொன்னேன். எங்களை யாரென்றே அறியாதவர். வந்தார், ஃபேனை இறக்கினார், பேரிங் மாற்றி மாட்டிவிட்டுப் போனார்.

அன்று இவர் வேலை முடிந்து வந்து சுவிட்சைப் போட்டார். சத்தமில்லாமல் சுற்றியது. கொஞ்ச நேரம் அண்ணாந்து பார்த்துக்கொண்டு நின்றார்.

"யாரு வந்தா?"

"யாரோ ஒரு ஆளு. டீச்சர் சொல்லிவிட்டாக."

"நல்லா மாட்டியிருக்கான்" என்றார். கால் வலிக்கிறது, வெந்நீர் வை என்றார்.