அம்மா தானே போட்டுப் பார்த்த படங்கள்

"டிவிடி எல்லாம் இனிமே சேத்து வெச்சு அழகு பாக்குறவங்களுக்குத்தான் தம்பி. மத்தவங்களுக்கு எதுக்கு?" என்றார் என்னோடு வேலை பார்ப்பவர். திருவெறும்பூர் பஸ்ஸில் வந்துகொண்டிருந்தோம். எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. அந்த மத்தவங்களில் என் அம்மாவும் ஒருத்தி.

அம்மாவுக்கு எழுதப் படிக்கத் தெரியாது. மண்ணச்சநல்லூர் ரைஸ்மில் களத்தில் நெல் காயவைத்தே முழங்கால் தேய்ந்துபோய், இப்போது ஸ்ரீரங்கத்து வாடகை வீட்டில் என்னோடு இருக்கிறாள். அவளிடம் ஒரு பை நிறைய டிவிடி உண்டு. உறைகளில் ஸ்டிக்கர் பொட்டு ஒட்டியிருப்பாள். சிரிப்புப் படத்துக்கு ஒன்று, அழுகைப் படத்துக்கு இரண்டு, சாமி படத்துக்கு மூன்று. மத்தியானம் சாப்பிட்டதும் தோன்றியதை எடுப்பாள், பிளேயர் தட்டில் வைப்பாள், பொத்தானை அமுக்குவாள். யாரையும் கேட்க வேண்டியதில்லை.

அதைக் கெடுத்தவன் நான்தான். முதல் போனஸில் பெரிய டிவி வாங்கி, பழைய பிளேயரைக் காயலான் கடைக்காரரிடம் தூக்கிக் கொடுத்தேன். "இதுல எல்லாப் படமும் இருக்கும்மா" என்று பீற்றலாகச் சொன்னேன். டிவிடிப் பையைத் தொட மட்டும் அவள் விடவில்லை.

எல்லாப் படமும் இருந்தது, உண்மைதான். ஆனால் போட்டதுமே, பார்ப்பது யார் என்று இங்கிலீஷில் கேட்கும். புது நிபந்தனைக்குச் சம்மதமா என்று கேட்கும். ஒருநாள் கணக்கிலிருந்தே வெளியே தள்ளிவிட்டு ஓடிபி கேட்டது. ஓடிபி என் போனுக்கு வந்தது. நான் ஃபாக்டரிக்குள் இருந்தேன், போன் கேட் லாக்கரில் இருந்தது. எழுத்து தெரியாவிட்டால் ரிமோட்டில் வாயால் சொன்னாலே போதுமாம். அம்மா ரிமோட்டை வாய்க்குப் பக்கத்தில் பிடித்து, "மாமியாக்காரி கிணத்துல விழுவாளே, அந்தப் படம் போடுங்க" என்றாள். சமையல் நிகழ்ச்சி வந்தது.

"மரியாதையாத்தானேடா கேட்டேன்?"

அதற்கப்புறம் சாயங்காலம் நான் வரும்வரை டிவி இருட்டாகவே இருக்கும். "செத்த போட்டுக் குடுத்துட்டுப் போப்பா." பேங்கில், ரேஷன் கடையில், என் ஸ்கூலில் என்று வாழ்நாள் முழுக்க ஃபாரம் நிரப்ப ஆள் தேடி நின்றவள் அவள். தன் வீட்டுக்குள் படம் பார்க்கவும் ஆள் தேட வைத்துவிட்டார்கள். படித்த பிள்ளை நானும் அதற்கு உடந்தை.

சத்திரம் பஸ் ஸ்டாண்ட் பக்கம் ஒரு ரிப்பேர் கடையில் பழைய பிளேயர் ஒன்று கிடைத்தது. கடைக்காரர் சிரித்தார். "மியூசியம் வைக்கப் போறீங்களா சார்?" நான் சிரிக்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை மாட்டிக் கொடுத்தேன். அம்மா தானே ஒரு படத்தைப் போட்டாள். "மறைக்காதடா, தள்ளு" என்றாள். பாதிப் படத்தில் திரும்பினாள்.

"பக்கத்து வீட்டுல பேசிக்கிட்டாங்களே புதுப் படம், அதை இதுல வாங்கியாந்துடு."

"புதுசு எதுவும் இனிமே இதுல வராதும்மா. ஓடிபி கேக்குதே, அதுல மட்டுந்தான்."

அம்மா படத்தை நிறுத்தினாள்.

"அப்ப படிக்காதவங்களுக்குப் படம் எடுக்கிறதை நிறுத்திட்டாங்களா?"

"அப்படி இல்லம்மா."

"வேற எப்படி? நீதான் படிச்சவன், சொல்லு."

படம் எடுக்கிறவர்களிடம் பதில் இருந்தால், அவர்கள் வந்து அவளுக்குச் சொல்லட்டும்.