தெற்குக் காற்று வந்தபோது திறக்காத வீடு

பத்து வயதைத் தாண்டமாட்டான் என்று டாக்டர் கைவிட்ட கெல்வின் பாஸ்கோ ஐம்பத்தைந்தைத் தாண்டினான். அவன் முதலில் ஜெயித்தது அது. காப்பகத்தில் இரண்டு முறை வந்த நிமோனியாவை ஜெயித்தான். வலிப்புக்காரன் தண்ணீரில் இறங்கக் கூடாது என்று காலமெல்லாம் தடுத்தவர்கள் பார்த்திருக்க, சாலிஸ்பரி நீச்சல் குளத்தை அகலவாக்கில் நீந்திக் கடந்தான். பௌலிங் கிளப்பின் வெள்ளிக்கிழமைக் குலுக்கலில் ஒரு தட்டு நிறைய இறைச்சி பரிசாக விழுந்தது. அதை அக்கம்பக்கத்துக்கெல்லாம் பங்கு வைத்தான். தோட்டக் கண்காட்சியில் அவன் தக்காளிக்கு இரண்டாம் பரிசு. எல்லாவற்றுக்கும் மேலே ஒரு வாசல் சாவி ஜெயித்தான்.

இவற்றை வரிசை தப்பாமல் சொல்லக்கூடியவள் அவனுடைய அக்கா கிளெனிஸ். ஆஸ்பத்திரிச் சலவைக்கூடத்தில் முப்பது வருடம் படுக்கை விரிப்பு மடித்தவள். மூலையோடு மூலை சேராமல் எதையும் மடிக்கமாட்டாள். பேச்சும் அப்படித்தான்.

கெல்வினுக்கு ஆறு வயதில் வலிப்பு வரத் தொடங்கியது. அப்பா அவனைக் காரில் ஏற்றிக் காப்பகத்தில் விட்டுவிட்டு வந்தார். அங்கே எல்லாச் சட்டைகளும் ஒரே தொட்டியில் வெளுக்கப்படும் என்பதால், காலருக்குள் ஒரு துணிப்பட்டியில் பெயர் தைத்திருப்பார்கள். ஞாயிற்றுக்கிழமைகளில் பார்க்கப் போகும் கிளெனிஸ், தம்பி தன் காலரை இழுத்து அந்த எழுத்துகளை விரலால் தடவிக்கொண்டிருப்பதைக் கண்டிருக்கிறாள். அவன் கற்ற எழுத்து அவ்வளவுதான். காப்பகத்தை மூடியபின் அவனை ஒரு விடுதிக்கு மாற்றினார்கள். ஓர் அறைக்கு நாலு பேர், ஒரு மின்விசிறி. யாரும் குதித்து ஓடிவிடக் கூடாதென்று ஜன்னல்களைத் திருகாணி போட்டு முறுக்கியிருந்தார்கள். அங்கே நடுக்கோடையான ஜனவரி மாதத்தில் அந்த அறைக்குள் நுழைந்தால் முகத்தில் அனல் அடிக்கும். கோடைதோறும் கெல்வின் வலிப்பு வந்து கட்டிலிலிருந்து விழுவான்.

கிளெனிஸ் அலையாத அலுவலகமில்லை. கடைசியில் அடிலெய்டின் வடக்கே, வரிசையாக நாலு சிறு வீடுகள் கொண்ட அரசாங்கக் குடியிருப்பில் மூன்றாம் எண் வீடு கிடைத்தது. வாடகை ஒப்பந்தம் அவள் பெயரில். கெல்வினுக்காகப் போட வேண்டிய கையெழுத்தையெல்லாம் அதுவரை வேறு யாராவதுதான் போட்டு வந்தார்கள்.

"ஒரு கோடை பாப்போம் கிளெனிஸ்," என்றாள் நலத்துறை அதிகாரி மெரடித். "கோடைய நல்லபடியா தாண்டிட்டார்னா ஒப்பந்தத்த அவர் பேருக்கே மாத்திடலாம். ஆனா அந்த வாசலுக்கு ஒரு ஆம்புலன்ஸ் வந்துச்சுன்னா, தனியா இருக்க முடியலைன்னுதான் நான் எழுதியாகணும். விடுதியில கட்டில் காலியாத்தான் இருக்கு."

கெல்வின் பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தான். "ஆம்புலன்ஸ் வந்தா வீடு போயிடும்," என்று திருப்பிச் சொன்னான். அப்புறம் அதை மறக்கவேயில்லை.

வெயிலோடு குடித்தனம் நடத்தக் கிளெனிஸ் அவனுக்குச் சொல்லிக் கொடுத்தாள். வெயில் ஏறுவதற்குள் ஜன்னலைச் சாத்தித் திரையை இறக்கிவிட வேண்டும். சாப்பாட்டோடு மாத்திரை. மதியம் பஸ் ஏறி, குளுகுளுவென்றிருக்கும் கடைவளாகத்தில் உட்கார்ந்திருக்க வேண்டும். தலை கனத்தால் கழுத்திலும் அக்குளிலும் ஈரத்துண்டு. சாயங்காலம் தெற்கிலிருந்து கடல்காற்று திரும்பினால் கதவு, ஜன்னல் எல்லாவற்றையும் ஆவென்று திறந்து போட்டுவிட வேண்டும். அந்த ஊரில் எல்லாரும் செய்வதுதான். கெல்வின் அதை ஜெபம் மாதிரி செய்தான்.

இரண்டாம் எண் வீட்டில் ஆர்ச்சி. ரயில் பட்டறையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர், எண்பதை நெருங்கிய ஒண்டிக்கட்டை. இருவரும் வேலிக்கு மேலே வாயாடிக்கொண்டே இருப்பார்கள்.

"என்னடா கெல், இது தக்காளியா, கோலிகுண்டா?"

"உன் பொக்க வாய்க்கு இதுவே பெருசு."

"ரெண்டாவது பரிசு வாங்குனவனுக்கு வாயப் பாரு. மொதப் பரிசு வாங்கிருந்தா என்னை மிதிச்சிருப்ப."

ஆர்ச்சி வீட்டுச் சுவரில் ஏசி இருந்தது. அதன்மேல் ஒரு துண்டைப் போட்டு மூடி வைத்திருந்தார். கிளெனிஸ் கேட்டால், "தகரக் கூரைக்கு அடியில கொதிகலனோட நின்னவன்மா நான். வெயிலுக்குப் பயந்து பெட்டியப் போட்டு உக்காந்திருந்தேன்னு வெளிய தெரிஞ்சா மானம் போயிடும்," என்பார்.

கெல்வினிடம் மட்டும் ஓர் ஏற்பாடு செய்துகொண்டார். "காலையில என் திரை ஒரு தடவ மேல போயி எறங்குச்சுன்னா, நான் இன்னும் சாகலன்னு அர்த்தம். போகலைன்னா எட்டிப் பாரு. சாவி பூந்தொட்டிக்கு அடியில."

ஜனவரியில் அனல் வந்தது. முதல் நாள் சாலையோரப் புல் கருகியது. மறுநாள் வௌவால்கள் மரத்திலிருந்து பொத்துப் பொத்தென்று விழுந்தன. வானொலி நாள் முழுவதும் ஒன்றையே சொன்னது: திரையை மூடுங்கள், உள்ளே இருங்கள். தெருவே கண்ணை மூடிக்கொண்டது.

நான்காம் நாள் காலை ஆர்ச்சியின் திரை மேலே போகவில்லை.

கெல்வின் வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தான். முதலாம் எண் வீட்டு ஐரிஸ் குப்பைத் தொட்டியைத் தள்ளிக்கொண்டு வந்தாள்.

"ஐரிஸ், ஆர்ச்சி திரைய தூக்கல."

"நாப்பத்தஞ்சு டிகிரில எவன்டா திரைய தூக்குவான்? மூடி வைக்கச் சொல்லித்தானே ரேடியோவுல கத்துறான். வெயில்ல நிக்காத, விழுந்து வைப்ப. அப்புறம் ஆம்புலன்ஸ்தான் வரும். போ உள்ள!"

ஆம்புலன்ஸ் என்றதும் கெல்வின் உள்ளே போய்விட்டான்.

மாலை ஐந்தரை மணிவாக்கில் காற்று திரும்பியது. எங்கோ ஒரு கதவு படாரென்று அடித்தது. அடுத்த நிமிடம் தெரு முழுக்க ஜன்னல்கள் திறந்தன. யாரோ விசிலடித்தார்கள். பிள்ளைகள் வெறுங்காலோடு வெளியே ஓடி வந்தார்கள். ஐரிஸ் இரண்டு கையையும் விரித்துக்கொண்டு வாசலில் நின்று, "வந்துட்டியா என் ராசா!" என்று காற்றைக் கொஞ்சினாள். இரண்டாம் எண் வீட்டுத் திரை மட்டும் அப்படியே கிடந்தது.

கெல்வின் பூந்தொட்டியைப் புரட்டினான்.

உள்ளே அடுப்புக்குள் நுழைந்தது போலிருந்தது. ஆர்ச்சி நாற்காலியில் சாய்ந்திருந்தார். தோல் வறண்டு நெருப்பாகச் சுட்டது. வாயிலிருந்து ஒரு கரகரப்பு. சுவரில் டெலிபோன் இருந்தது. கெல்வின் அதன்முன் நின்றான். எவ்வளவு நேரம் நின்றான் என்று அவனுக்குத் தெரியாது. பிறகு ஆம்புலன்ஸைக் கூப்பிடும் எண்ணின் மூன்று பூஜ்யத்தையும் அழுத்தினான்.

ஆம்புலன்ஸ் வரும்வரை, தனக்குச் சொல்லிக் கொடுத்திருந்ததையெல்லாம் ஆர்ச்சிக்குச் செய்தான். கழுத்துக்கு ஈரத்துண்டு, அக்குளுக்கு ஈரத்துண்டு. ஏசிமேல் கிடந்த துண்டையும் இழுத்து நனைத்தான். தான் தண்ணீர் குடிக்க மறந்தான், மாத்திரையையும் மறந்தான். வந்தவர்கள் ஆர்ச்சியைத் தூக்கி வண்டியில் வைத்த கையோடு, வாசற்படியில் அவன் விழுந்தான். வலிப்பு. இன்னொரு வண்டி வரவேண்டியிருந்தது.

ஆர்ச்சி மறுநாள் விடிகாலையில் செத்துப் போனார். கெல்வினை ஆஸ்பத்திரியிலிருந்து நேரே விடுதிக்குக் கொண்டுபோனார்கள்.

"என்ன பேசிக்கிட்டோம்னு உங்களுக்கே தெரியும் கிளெனிஸ்," என்றாள் மெரடித். குரலில் வருத்தம் இருந்தது. ஆனால் பதில் மாறவில்லை.

விடுதியில் அதே அறை, அதே திருகாணி ஜன்னல். கெல்வின் பேச்சைக் குறைத்துவிட்டான். கிளெனிஸ் தோட்டத்திலிருந்து கொண்டுபோன தக்காளி மேசையில் கிடந்து அழுகியது. "யாரு தண்ணி ஊத்துறா?" என்று மட்டும் கேட்டான்.

வெயிலில் தனியாகச் செத்தவர்களைப் பற்றி மரண விசாரணை நடந்தது. அதற்காக ரெட்மான் என்ற இளம் பெண் கான்ஸ்டபிள் விடுதிக்கு வந்தாள். கிளெனிஸும் அங்கே இருந்தாள். விடுதி மேலாளர் பேரி முந்திக்கொண்டார்.

"அவனுக்கு ஒண்ணும் தெரியாதும்மா. நான் சொல்றேன், நீ எழுதிக்க. கையெழுத்தும் நானே போட்டுடறேன். வழக்கமா அப்படித்தான்."

"நீங்க அந்த வீட்டுக்குள்ள இருந்தீங்களா?"

"நான் எப்படி இருப்பேன்?"

"அப்ப நீங்க போட முடியாது. மிஸ்டர் பாஸ்கோ, நீங்க சொல்லுங்க. நான் மெதுவா எழுதறேன்."

கெல்வின் சொன்னான். தெற்குக் காற்று, பூந்தொட்டி, துண்டு எல்லாவற்றையும் சொன்னான். அவள் திரும்பப் படித்துக் காட்டியதும் தலையை ஆட்டினான்.

"காலையில நடந்தது அதுல இல்ல."

"என்ன காலையில?"

"காலையிலயே திரை மேல போகல. நான் பாத்தேன். ஆம்புலன்ஸ் வந்தா வீடு போயிடும். அதனால உள்ள போயிட்டேன். அத எழுது."

"டேய், அதெல்லாம் எதுக்குடா? வம்ப வெலைக்கு வாங்காத," என்றார் பேரி.

கிளெனிஸும் வேண்டாம் என்று சொல்ல வாயெடுத்தாள். தம்பி முகத்தைப் பார்த்துவிட்டு அடங்கிக்கொண்டாள்.

"அத எழுது," என்றான் கெல்வின் மறுபடியும். "ஆர்ச்சி எட்டிப் பாக்கச் சொன்னான். நான் பாக்கல."

கான்ஸ்டபிள் எழுதினாள். பேனாவை அவன் பக்கம் நீட்டினாள். கெல்வின் வெகுநேரம் தாளைப் பார்த்தான். பிறகு இடக்கையால் தன் காலரைப் பின்னாலிருந்து இழுத்து ஒருதரம் தடவிவிட்டு, காலர்ப் பட்டியில் இருந்தது போலவே, ஓர் எழுத்துக்கும் அடுத்ததற்கும் நடுவே தையல் போடுவதற்கான இடம் விட்டு, தன் பெயரை எழுதினான்.

அந்த வாக்குமூலத்தின் நகலைக் கிளெனிஸ் மெரடித்தின் மேசையில் வைத்தாள். மெரடித் படித்தாள். மறுநாள் விடுதிக்கே வந்து கெல்வின் எதிரே உட்கார்ந்தாள்.

"இன்னொரு வீட்டுல திரை மேல போகலைன்னா என்ன பண்ணுவ கெல்வின்?"

"காலையிலயே கூப்பிடுவேன்."

"வீடு போயிடும்னாலும்?"

"அதான் போயிடுச்சே."

மெரடித், "அந்த நிபந்தனைய நான் போட்டிருக்கக் கூடாது," என்றாள்.

மார்ச் மாதம், வெயில் தணிந்தபின், மூன்றாம் எண் வீட்டுச் சமையல் மேசையில் கெல்வின் பெயருக்கு மாற்றிய ஒப்பந்தத்தை விரித்தார்கள். தக்காளிச் செடிகள் காய்ந்து குச்சியாக நின்றன. இரண்டாம் எண் வீட்டுக்கு யாரும் குடிவரவில்லை. திரை இறங்கியே கிடந்தது. கெல்வின் தன் பெயரை எழுதி முடித்ததும் மெரடித் கைதட்டிப் போனை எடுத்தாள்.

"நிமிரு, ஒரு படம் எடுத்துக்கறேன். உன் வாழ்க்கையில மொதக் கையெழுத்து!"

"இது ரெண்டாவது," என்றான் கெல்வின். "மொதல்ல ஆர்ச்சிக்குப் போட்டேன்."

என்றைக்கு என்று மெரடித் கேட்டாள். கெல்வின் அக்காவைப் பார்த்தான். கிளெனிஸ் சொன்னாள்: 2014 பிப்ரவரி 19, புதன்கிழமை.