கந்தரப்பத் தட்டும் பீட்டர் சார் சம்பளமும்

எழுத்து வரியில் நிற்காது, பொறுத்துக்கொள்ளுங்கள். 'ழ' போட்டால் அதன் வால் கீழ் வரியில் போய் இடிக்கிறது. போன வருஷம் வரை நான் கைநாட்டு. இப்போது பள்ளிவாசல் பக்கத்து முதியோர் வகுப்பில் படித்து, என் கையாலேயே எழுதுகிறேன்! பேத்தி படம் பிடித்து நம் வாட்ஸ்அப் குழுவில் போடுவாள். மெதுவாகப் படியுங்கள்... நானும் மெதுவாகத்தான் எழுதினேன்.

எண்ணெயில் வேகும் கந்தரப்பத்தின் ஏலக்காய் வாசனை. அதிலிருந்துதான் இந்த ஞாபகம் வருகிறது.

அறுபதுகளின் கடைசி. காரைக்குடியில் ஒரு செட்டியார் நடத்திய பள்ளிக்கூடத்துக்கு இங்கிலாந்திலிருந்து இங்கிலீஷ் வாத்தியார் ஒருவர் வந்திருந்தார். பீட்டர் சார். நான் அவருக்குச் சமையல். அவர் தமிழ் கற்றது என் அடுப்படியில். அதனால் எல்லோரிடமும், "நல்லா இருக்கீகளா? சாப்டீகளா?" என்று நம் ஊர்க்காரர் மாதிரியே கேட்பார். பையன்கள் வாயைப் பொத்திக்கொண்டு சிரிப்பார்கள்.

இங்கிலாந்தில் அவருடைய அம்மா தனியாக இருந்தார். வீட்டு வாடகையை ஏற்றிவிட்டதாகக் கடிதம் வந்தது. இங்கே வாங்கும் சம்பளத்தில் அங்கே அனுப்ப ஒன்றும் மிஞ்சாது. கூட்டித் தந்தால் இருப்பார், இல்லையென்றால் கப்பல் ஏறிவிடுவார். அவர் போனால் எனக்கும் வேலை இல்லை. ஆனால் நான் பெரிதாகப் பதறியதாக ஞாபகம் இல்லை. அப்போதெல்லாம் வேலை போவதும் வருவதும் மழை மாதிரிதான்.

"காதர் பாய், நீங்களும் வாங்க" என்று என்னையும் கூட்டிக்கொண்டு செட்டியார் வீட்டுக்குப் போனார்.

அந்த வீட்டில் ஒரு வழக்கம் உண்டு. யார் எதற்கு வந்தாலும் முதலில் பலகாரம். தட்டு காலியாகும் வரை வந்த விஷயத்தை யாரும் கேட்க மாட்டார்கள். தட்டைக் காலியாகவும் விட மாட்டார்கள். வெள்ளைப் பணியாரம், கந்தரப்பம், பிறகு காபி... பீட்டர் சார் தின்றார், கும்பிட்டார், கிளம்பிவிட்டார்.

"கேக்கலையா சார்?"

"எப்படிக் கேக்குறது? அவுக வீட்டுல வயிறு முட்டச் சாப்பிட்டுட்டு, பத்தலைன்னு சொல்லவா?"

அடுத்த வாரமும் போனோம். அன்றைக்கும் அப்படியே. அவருக்குத் தொப்பைதான் கூடியது.

மூன்றாம் தடவை தட்டு வந்ததும், கையை மடியில் வைத்துக்கொண்டு அசையாமல் உட்கார்ந்துவிட்டார். எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. அந்த வீட்டில் வைத்த தட்டைத் தொடாமல் சண்டைக்கு வந்தவன்கூட இருக்க மாட்டான். செட்டியார் முகம் சுண்டிப்போனது. உள்ளேயிருந்து அவர் மனைவி ஆச்சியே வெளியே வந்துவிட்டார்கள்.

"என்ன சார், எங்க வீட்டுப் பலகாரத்துல என்ன கொறையக் கண்டீக?"

பீட்டர் சார் எழுந்து நின்றார். காது சிவந்துவிட்டது.

"கொறை இல்ல ஆச்சி. தின்னா, கேக்க வாய் வரமாட்டேங்குது."

ஆச்சி சிரித்த சிரிப்பு இன்னும் என் காதில் இருக்கிறது. "அப்ப மொதல்ல கேளுங்க. அப்பறம் தின்னுங்க."

பீட்டர் சார் அம்மாவைப் பற்றிச் சொன்னார். வாடகையைச் சொன்னார். செட்டியார் தாடையைத் தடவினார்.

"ஒங்களுக்குக் கூட்டுனா மத்த வாத்தியாருமாரு சும்மா இருப்பாகளா? முடியாது சார்."

அவ்வளவுதான், பெட்டி கட்ட வேண்டியதுதான் என்று நினைத்தேன். ஆச்சி விடவில்லை. செட்டியாரைப் பார்த்துக் கேட்டார்கள்.

"நீங்க கல்யாணம் ஆன புதுசுல பினாங்குக் கடைக்கு வேலைக்குப் போனீகளே, அப்ப ஒங்க ஆத்தாளுக்குச் சோறு போட்டது யாரு?"

"மொதலாளி. கப்பல் ஏறுறதுக்கு முன்னாடியே வீட்டுல முன்பணம் குடுத்துட்டாக."

"கடல் தாண்டிப் போன ஒங்களுக்கு ஒரு நாயம், கடல் தாண்டி வந்த இவுகளுக்கு ஒரு நாயமா?"

செட்டியார் பீட்டர் சாரைத் திரும்பிப் பார்த்தார். நம் ஆட்கள் அக்கரைக்குப் போய்ச் சம்பாதிப்பதைத்தான் அவர் அறிவார். நம் ஊரே ஒருவருக்கு அக்கரை என்பது அன்றைக்குத்தான் அவருக்குத் தோன்றியிருக்க வேண்டும்.

"வாத்தியார் சம்பளம் அப்படியே இருக்கட்டும். பினாங்குக் கடைக்குப் போற ஆளு மாதிரி மூணு வருசத்துக்குப் பேசிக்கிருவோம். முன்பணம் ஒங்க ஆத்தாளுக்கு, பினாங்குல நம்ம கடையில இருந்து போயிரும். சாப்பாடு, துணி வெளுக்குறது, முடி வெட்டுறது, திரும்பிப் போற கப்பல் டிக்கெட்டு எல்லாம் நம்ம பொறுப்பு. சம்மதமா?"

"காதர் பாய்?" என்று கேட்டார் பீட்டர் சார்.

"அவுகளும் சேத்திதேன். சாப்பாடுன்னா சமைக்க ஆளு வேணாமா?"

பீட்டர் சார் உட்கார்ந்து கந்தரப்பத்தை எடுத்துக் கடித்தார். அதுதான் சம்மதம்.

அதை ஒப்பந்தமாக எழுதியபோது சாட்சிக்கு என்னைக் கூப்பிட்டார்கள். பெருவிரலை மையில் ஒற்றி வைத்தேன். துடைக்கப் பீட்டர் சார் தன் கைக்குட்டையைக் கொடுத்தார். அந்தக் கறை போகவே இல்லை என்று பிறகு சொன்னார்.

பேசியபடி மூன்று வருஷம் இருந்துவிட்டுப் போனார்.

இப்போது, என்னை 'நன்னா' என்று கூப்பிடும் என் பேரன் வியட்நாமில் ஒரு பள்ளிக்கூடத்தில் இங்கிலீஷ் சொல்லிக்கொடுக்கிறான். சம்பளம் கூட்டிக் கேட்டு ஈமெயில் போட்டானாம். போன வாரம் போனில் சொன்னான்.

"நேர்ல போனியா? சாப்பிட ஏதாச்சும் குடுத்தாகளா?" என்று கேட்டேன்.

"அட போங்க நன்னா. மொதலாளி யாருன்னே எனக்குத் தெரியாது. 'பரிசீலிக்கிறோம்'னு கம்ப்யூட்டரே பதில் போட்டுருச்சு."

அவன் அங்கே நன்றாகத்தான் இருக்கிறான். ஏ.சி. ரூம் என்கிறான். ஆனால் அவன் தட்டைத் தொடாமல் இருந்தால் பதறி ஓடிவர அங்கே ஒரு ஆச்சி இல்லை...

விரல் வலிக்கிறது. அடுத்த வாரம் எழுதப்போகும் காகிதம் அவனுக்குத்தான். அதற்குள் 'ழ' வால் அடங்கினால் நல்லது.

கீழே இருப்பது என் கையெழுத்து. மை விரலில் படவில்லை.

காதர்