வாளைக்குக் கட்டிய கல்

போன தை மாதம் இரண்டாம் ஞாயிற்றுக்கிழமை ஸ்ரீவில்லிபுத்தூர் பக்கம் ஒரு கண்மாய்க்கு மீன் பிடிக்கப் போனேன். மிதவையில் மெதுவாகப் போய்க்கொண்டே தூண்டிலை ஆழத்தில் இழுத்து வாளை பிடிக்க நினைப்பவர்களுக்கு உபயோகப்படட்டும் என்று எழுதுகிறேன். ஊர்ப் பெயரை மட்டும் எழுதவில்லை. எழுதினால் அடி எனக்கு விழாது.

காரணம் ஒரு தபால் கார்டு. அனுப்பிய மாடசாமி, ராஜபாளையத்து நூல் மில்லில் என்னோடு பதிலித் தொழிலாளியாக இருந்தவர். வேலையை நிரந்தரமாக்கக் கேட்டதும் நிறுத்திவிட்டார்கள். ஊருக்குப் போய், கண்மாய்க் குத்தகைக்காரரிடம் வாளை மட்டும் பிடிக்க அனுமதி வாங்கியிருந்தார். குத்தகைக்காரர் காசு போட்டு விட்ட குஞ்சுகளை வாளைகள் தின்பதால் கிடைத்த அனுமதி அது. மடைப் பள்ளத்தில் ஒரு பெரிய வாளை மட்டும் சிக்கவில்லை. 'ஞாயித்துக்கிழமைக்குள்ள அதப் பிடிக்கலன்னா வேற ஆள விட்ருவேங்காரு. கனமா இரும்பு ஏதாச்சும் கொண்டாங்க தம்பி' என்று எழுதியிருந்தார்.

ராஜபாளையத்திலிருந்து காலை ஐந்தரைக்குப் பஸ். பதினோரு கிலோமீட்டர், இருபத்தைந்து நிமிஷம், ஒன்றே முக்கால் ரூபாய். ஸ்ரீவில்லிபுத்தூரில் இறங்கி வன்னியம்பட்டிப் பக்கம் போகும் டவுன் பஸ் பிடிக்க வேண்டும். அது முக்கால் மணி நேரம் வரவே இல்லை. வந்தபோது ஏற இடமில்லை. படியில் தொங்கிப் போனேன். பிறகு வரப்பில் மூன்று கிலோமீட்டர் நடை. செருப்பு போட்டுக்கொண்டு மேலத்தெரு வழியாக நான் போகலாம். மாடசாமி கண்மாயைச் சுற்றித்தான் வருவார். இதையும் வழிக்குறிப்பாக வைத்துக்கொள்ளுங்கள்.

இரண்டு லாரி டியூப், மேலே ஒரு பலகை. அதுதான் மிதவை. முறை அவருடைய சொந்தக் கண்டுபிடிப்பு. கனமான எடையைத் தனிக் கயிற்றில் கட்டி அடிவரை இறக்குவார். தூண்டில் நரம்பை அந்த எடையோடு மில் நூலால் ஒரே முடிச்சில் கட்டியிருப்பார். மீன் கவ்வி இழுத்தால் நூல் அறுந்து, தூண்டில் மட்டும் கைக்கு வரும்.

"நாலு வருசம் நூல் அறுந்தா முடிச்சுப் போட்டேன். இப்ப அறுறதுக்குன்னே முடிச்சுப் போடுறேன்" என்று சிரித்தார்.

நான் கொண்டுபோனது மில்லில் கழித்துப்போட்ட பல்சக்கரம், ஒன்றேகால் கிலோ. மடையில் ஆழம் பதினெட்டு அடி. மிதவை நகர்ந்ததும் தட்டையான சக்கரம் தண்ணீரில் சாய்ந்து மேலே ஏறிக்கொண்டது. கயிறு படுத்துவிட்டது. எட்டு அடிக்குக் கீழே இரை போகவில்லை. இரண்டு மணி நேரம் வீண்.

"எம்புட்டுக் கனம்னு பாத்தா போதாது தம்பி, உருண்டையா இருக்கணும்" என்றார். கார்டில் அதை எழுதவில்லை. நானும் யோசிக்கவில்லை.

கரையேறித் தேடினேன். மடைக்குக் கீழே சீமைக்கருவேல முள்ளுக்குள், சேறு அப்பிய ஒரு கல். மூன்று கிலோ இருக்கும். உருண்டை, நடுவில் இடுப்பு மாதிரி ஒரு பள்ளம். கயிறு நழுவாது.

"கரைக்கல்லு வேணாம் தம்பி. அது என்ன கல்லோ, ஏது கல்லோ."

"கல்லுல என்னண்ணே இருக்கு? சாயங்காலத்தோட அனுமதி போயிரும். பாத்துக்கிடுங்க."

செத்த நேரம் கல்லையே பார்த்தார். பிறகு கட்டினார்.

கயிறு நேராக நின்றது. மூன்றாவது சுற்றில் நூல் அறுந்தது. அரைமணி நேரம் போராடினார், விரல் கிழிந்தது. ஏழு கிலோவுக்குக் குறையாத வாளை. "இந்த வருசம் தப்பிச்சேன்" என்றார். மில்லில் இருந்தபோதுகூட அவர் முகம் அப்படி இருந்து நான் பார்த்ததில்லை.

கரையில் கண்மாய்க் காவல்காரர் நின்றார். மீனைப் பார்க்கவில்லை. "ஏலே மாடசாமி, கயித்துல என்னலே அது?"

தண்ணீர் சேற்றைக் கழுவியிருந்தது. பள்ளத்தில் மஞ்சள் கறை. மடைமேட்டுக் கன்னிமார் சாமிகள் ஏழு பேரில் ஒருத்தி. இடுப்புப் பள்ளம் அவளுக்குச் சேலை சுற்றும் இடம். மழையில் உருண்டு, கார்த்திகையிலிருந்து முள்ளுக்குள் கிடந்திருக்கிறாள். ஒருவரும் தேடவில்லை. மாடசாமி தொட்டதும் ஊரே தேடி வந்துவிட்டது.

"எடுத்தது நான். கட்டச் சொன்னதும் நான்" என்று கத்தினேன்.

கூட்டத்தோடு வந்த குத்தகைக்காரர் என்னிடம் மரியாதையாகத்தான் பேசினார். "நீங்க வெளியூரு, தெரியாம எடுத்திருப்பீக. அவனுக்குத் தெரியும்லா?" யாரையோ விட்டு எனக்குக் காப்பி வாங்கிவரச் சொன்னார். அந்த நேரத்தில் ஒருவன் அரிவாளால் டியூப்களைக் கிழித்தான். இரண்டு பேர் மாடசாமியைக் கன்னத்தில் அறைந்தார்கள். இனி அவர் வீட்டார் யாரும் கரையில் கால் வைக்கக் கூடாது என்றார்கள். வாளை குத்தகைக்காரர் வீட்டுக்குப் போனது. அது மட்டும் மாடசாமி தொட்டதால் தீட்டாகவில்லை.

திரும்ப நான்கு பத்துக்கு டவுன் பஸ். வரப்பு முடியும் வரை மாடசாமி கூடவே வந்தார். போலீசுக்குப் போவோம் என்றேன்.

"நீங்க ஷிப்டுக்குப் போயிருவீக தம்பி. நான் இங்கன இருக்கணும்லா" என்றார். பிறகு துண்டில் சுற்றிய பல்சக்கரத்தை நீட்டினார். "இதையும் கொண்டுபோயிருங்க. களவாண்டேன்னு அதுக்கும் ஒருநா வருவாக."

வாங்கிக்கொண்டு பஸ் ஏறினேன். வேறு என்ன செய்தேன் என்று கேட்காதீர்கள்.

போகிறவர்களுக்கு: பதினெட்டு அடிக்கு மூன்று கிலோ போதும். தட்டை உதவாது, உருண்டை வேண்டும். கயிறு செங்குத்தாக நிற்க வேண்டும். சாய்ந்தால் வேகத்தைக் குறையுங்கள். எடையை வீட்டிலிருந்தே கொண்டுபோங்கள். கரையில் கிடப்பதை எடுக்காதீர்கள். எடுத்தால் உங்களுக்கு ஒன்றும் ஆகாது, காப்பி கிடைக்கும்.