“சமீனாதான் கேட்டா”

நான் பொய் சொன்னேன். தோழிகள் கூடியிருந்த ஒரு வரவேற்பறையில், நான் ஆசைப்பட்டுத் தேர்ந்தெடுத்த நாவலைச் சமீனா தேர்ந்தெடுத்ததாகச் சொன்னேன்.

இவ்வளவுதானா என்று நீங்கள் கேட்கலாம். இவ்வளவுதான்... ஒரே ஒரு வாக்கியம். அதைச் சுமந்துகொண்டு நடமாடிக் களைத்துவிட்டேன்.

நான் ஈரோட்டுக்காரி. இப்போது அமெரிக்காவில், பிளெய்ன்ஸ்பரோ என்ற ஊரில் அபார்ட்மென்ட் வாசம், மருந்து கம்பெனி ஒன்றில் வேலை. பாகிஸ்தானியர் ஆங்கிலத்தில் எழுதும் நாவல்கள்மேல் எனக்குப் பித்து. ஏன் என்று கேட்டால் என்ன சொல்வேன்? முதன்முதலில் கையில் அகப்பட்ட நாவலில், தொலைக்காட்சியில் ஒரு தளபதி ஆட்சியைப் பிடித்துவிட்டதாக அறிவிக்கிறார். அந்த வீட்டுப் பெரியம்மாவோ, நாடகத்தை நிறுத்திவிட்டார்களே என்று அலுத்துக்கொள்கிறாள். பெண் பார்க்க வந்தவர்கள் எழுந்து போனதும், மிச்சமிருந்த சமோசாவுக்கு அக்கா தங்கைகள் அடித்துக்கொள்கிறார்கள்.

எங்கள் வீடு! எதிரி என்று எனக்குச் சொல்லித்தரப்பட்ட ஊரில், யாரோ எங்கள் வீட்டைக் கட்டிவைத்திருந்தார்கள். ஒரு பக்கத்தில் சிரிக்கவைத்து, மறுபக்கத்தில் அதே சிரிப்பைத் தொண்டையில் அடைக்கவைக்கும் எழுத்து. அத்தைக்கும் சித்தப்பாவுக்கும் அடிக்குறிப்பு போடாத ஆங்கிலம். நான் மயங்கிப்போனேன்.

சமீனாவை நூலகத்தில்தான் சந்தித்தேன். எங்கள் இருவரின் மகள்களும் கதை கேட்க உள்ளே போயிருந்தார்கள். என் கையிலிருந்த புத்தகத்தின் அட்டையைப் பார்த்துவிட்டு அவளாகவே சிரித்தாள்.

“முக்காடு, மாம்பழம், துப்பாக்கி. இந்த மூணுல ஒண்ணு இல்லாம எங்க ஊர் நாவலுக்கு அட்டையே போட மாட்டாங்க போல!”

நாங்கள் பேசியது ஆங்கிலத்தில். என் நினைவில் ஏனோ அவள் தமிழில்தான் பேசுகிறாள்.

கராச்சியில் பல் மருத்துவராக இருந்தவள். இங்கே மறுபடி லைசென்ஸ் வாங்கப் படித்துக்கொண்டிருந்தாள். அதன்பின் நான் எந்த நாவலை எடுத்தாலும் அவளிடம் ஓடினேன். “இந்தத் தெருவுல கடல் காத்தா? இதை எழுதின ஆளு அந்தப் பக்கமே போயிருக்க மாட்டான்” என்பாள். “குண்டு வெடிக்காத நாளும் எங்களுக்கு இருந்துச்சு சுமதி. அன்னிக்கெல்லாம் டிராஃபிக்ல நின்னோம். அதை யாரு படிப்பா?” என்பாள்.

ஒரு நாவலில் இறந்த தாயைக் குளிப்பாட்டும் காட்சி வந்தது. சமீனா புத்தகத்தை மூடிவிட்டாள். கிரீன் கார்டு விஷயம் இழுத்துக்கொண்டிருந்தபோது அவளுடைய அம்மா இறந்திருக்கிறார். ஊருக்குப் போனால் திரும்பி வர முடியுமோ என்ற பயத்தில், அவள் போகவில்லை. அடக்கத்தை போனில் பார்த்திருக்கிறாள். சொல்லிவிட்டு அழுதாள். அவள் கையைப் பிடித்துக்கொண்டேன். அப்போதும் எனக்குள் ஒருத்தி, ‘இது நாவலில் வந்திருக்க வேண்டிய இடம்’ என்று நினைத்தாள்... அவளையும் நான் உங்களிடம் மறைக்கப்போவதில்லை.

எங்கள் குடியிருப்பில் ஒரு வாசிப்புக் குழு இருந்தது. எல்லோரும் தமிழ்ப் பெண்கள். மாதம் ஒரு வீட்டில் கூடுவோம். எதிர் பிளாக்கில் குடியிருந்த சமீனாவையும் சேர்த்தவள் நான். பாகிஸ்தானிய நாவல்களை ஒன்றன்பின் ஒன்றாகச் சொன்னவளும் நான். எல்லோரும் விரும்பித்தான் படித்தார்கள்.

பிறகு எல்லையில் பதற்றம் வந்தது. எல்லார் போனிலும் அதே செய்தி. அந்த மாதக் கூட்டம் கவிதா வீட்டில். கவிதாவின் தம்பி ராணுவத்தில் எல்லையில் இருந்தான். மூன்று நாளாகப் பேச முடியவில்லையாம். அவள் முகம் வீங்கியிருந்தது. மேசைமேல் நான் தேர்ந்தெடுத்த அடுத்த நாவல் கிடந்தது.

“இந்த நேரத்துல இதைத்தான் படிக்கணுமா? யாரு செலக்ட் பண்ணது இதை?”

கேட்டவள் கவிதா. அவள் என்னைத்தான் பார்த்தாள். அவள் கணவருக்கும் என் கணவருக்கும் ஒரே இடத்தில் வேலை. எங்கள் குழந்தைகள் ஒரே காரில் பள்ளிக்குப் போகிறார்கள். இதையெல்லாம் அப்போது நான் யோசித்தேனா? தெரியவில்லை. ‘நீ எந்தப் பக்கம்?’ என்று ஒரு கண் என்னைக் கேட்டது, அவ்வளவுதான் தெரியும்.

“சமீனாதான் கேட்டா. ரொம்ப கேட்டா... முடியாதுன்னு சொல்ல சங்கடமா இருந்துச்சு.”

எவ்வளவு சரளமாக வந்தது! தடுமாறவே இல்லை.

அதற்குள் கதவு திறந்தது. சமீனா, தாமதமாக வந்தவள், ஒரு கையில் பாயசப் பாத்திரத்தோடு குனிந்து செருப்பைக் கழற்றிக்கொண்டிருந்தாள்.

“சமீனா, தப்பா எடுத்துக்காதீங்க” என்றாள் கவிதா. “நீங்க இந்த புக்கை ரொம்ப ஆசையா கேட்டீங்கன்னு சுமதி சொன்னா. இப்ப என்னால முடியல.”

சமீனா என்னைப் பார்த்தாள். ஒரு கணம்தான். அந்த முகத்தில் கோபம் இருந்திருந்தால் நான் பிழைத்திருப்பேன்.

“ஆமா, நான்தான் கேட்டேன். யோசிச்சிருக்கணும். சாரி” என்றாள். கவிதாவின் தோளைத் தொட்டு, “உங்க தம்பி நல்லபடியா வரணும்” என்றாள். பாத்திரத்தைச் சமையலறையில் வைத்துவிட்டு, மகளுக்குக் காய்ச்சல் என்று சொல்லிக் கிளம்பிவிட்டாள்.

நான் எழுந்து பின்னால் ஓடியிருக்க வேண்டாமா? ஓடவில்லை. பிறகு யாரோ அந்தப் பாயசத்தைக் கிண்ணங்களில் ஊற்றிக் கொடுத்தார்கள். நானும் குடித்தேன். நன்றாக இருந்தது.

சில வாரங்கள் கழித்து பார்க்கிங்கில் அவளைப் பிடித்தேன். “சமீனா, அன்னிக்கு நான்...”

“நீ இவங்களோட இங்க இருக்கணும் இல்ல? எனக்குப் புரியுது” என்றாள்.

புரிகிறது என்றாள். மன்னித்தேன் என்று சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. புரிந்துகொள்ளப்படுவது இவ்வளவு பெரிய தண்டனை என்று எனக்கு அதற்குமுன் தெரியாது! அந்தக் கோடையில் அவர்கள் டெக்சஸுக்குக் குடிபோனார்கள். வீட்டுச் சாமான் ஏற்றிய வண்டி கிளம்புவதை ஜன்னல் திரைக்குப் பின்னால் நின்று பார்த்தேன். அவள் எண் இன்னும் என் போனில் இருக்கிறது. கூப்பிட்டு என்ன சொல்வது? அவளுக்குத் தெரியாத எதைச் சொல்வது?

இத்தோடு முடிந்திருந்தால்கூட, பயந்துபோய்ச் சொன்ன பொய் என்று என்னை நானே தேற்றிக்கொண்டிருப்பேன்.

சென்ற மாதம் குழு மறுபடி கூடியது. கவிதாவின் தம்பி பத்திரமாகத் திரும்பி, கல்யாணமும் ஆகிவிட்டது. பாகிஸ்தானிய நாவல் ஒன்றுக்கு ஏதோ பரிசு கிடைத்திருந்தது. அதையே படிக்கலாம் என்றவள் கவிதா! “சுமதி, நீதான் இதுல எக்ஸ்பர்ட். ஒரு இன்ட்ரோ கொடு” என்றாள்.

கொடுத்தேன். கராச்சித் தெருக்களைப் பற்றி, மின்சாரம் போனால் போன் வெளிச்சத்தில் பல் பிடுங்கும் டாக்டர்களைப் பற்றி, மழை பெய்தால் பள்ளிக்கூடமே கொண்டாடுவதைப் பற்றி... பேசப் பேச எல்லோரும் சிரித்தார்கள், உச்சுக் கொட்டினார்கள். சொல்லெல்லாம் சமீனாவுடையது. நிறுத்தும் இடம்கூட அவளுடையது.

“அங்கயே பொறந்து வளர்ந்த மாதிரி பேசறியே! இதெல்லாம் உனக்கு எப்படித் தெரியும்?” என்று கேட்டாள் கவிதா.

இந்தமுறை யாரும் என்னை மிரட்டவில்லை. எல்லையில் போர் இல்லை. சமீனாவின் பெயரைச் சொல்லியிருந்தால் ஒருவரும் முகம் சுளித்திருக்க மாட்டார்கள்.

“எல்லாம் படிச்சதுதான்” என்றேன்.