கோரைப்பல்லனுக்குக் கண் திறந்த அன்று

காவலூரில் மழை பிடித்துக்கொண்டால் நட்சத்திரம் பார்க்கிறவர்களுக்கு வேலை இல்லை. ஐப்பசியில் மேகம் வந்து மலைமேல் குந்திக்கொள்ளும், கார்த்திகை போகும்வரை நகராது. தொலைநோக்கி இருக்கும் டோமை மூடிவிட்டு, சின்ன வேலைக்காரர் பெரிய வேலைக்காரர் என்ற வித்தியாசம் பார்க்காமல் எல்லா ஆண்களும் கிளப்பில் போய் உட்கார்ந்துகொள்வார்கள். கிளப் என்றால் ஓட்டுக் கட்டடத்தில் ஒரு பெரிய அறை. ஒரு கேரம் போர்டு, ஒரு டேபிள் டென்னிஸ் மேஜை, கால் ஆடும் சில நாற்காலிகள்.

எண்பதுகளின் தொடக்கம். என் வீட்டுக்காரர் அந்த வானாய்வு மையத்தில் கருவிகளைப் பழுதுபார்க்கும் பட்டறையில் டெக்னீஷியன். நான் செங்கத்தில் விவசாயக் குடும்பத்தில் பிறந்து, கல்யாணமாகி குவார்ட்டர்ஸுக்கு வந்த முதல் மழைக்காலம் அது. எனக்குக் கையும் சும்மா இருக்காது, வாயும் சும்மா இருக்காது. இரண்டுக்கும் அங்கே தீனி கிடைக்கவில்லை. கிளப்புக்குப் பெண்கள் வரக்கூடாது என்று யாரும் எழுதி ஒட்டியிருக்கவில்லை. யாரும் போனதில்லை, அவ்வளவுதான். என் பங்கு ஃபிளாஸ்க்கோடு முடிந்துவிடும். டீ போட்டு எடுத்துக்கொண்டு போய்க் கதவைத் தட்டினால், ஒரு கை வெளியே வந்து வாங்கிக்கொள்ளும். கதவு சாத்திக்கொள்ளும்.

அந்த வருஷம் ஏதோ ஒரு கருவியைப் பொருத்துவதற்காக இங்கிலாந்திலிருந்து ஓர் இளைஞர் வந்து சில மாதம் தங்கியிருந்தார். பெட்டியில் கருவியோடு கூட ஒரு பொம்மைப் பட்டாளத்தையும் கொண்டுவந்திருந்தார். எல்லாம் ஈயத்தில் வார்த்த, விரல் கணு உயரப் பொம்மைகள். மந்திரவாதி, இரும்பு உடுப்புக்காரன், கோரைப்பல் வைத்தவன், இறக்கை முளைத்த பாம்பு. டேபிள் டென்னிஸ் மேஜையில் பச்சைக் கம்பளியை விரித்து, அதற்கடியில் புத்தகங்களைச் சொருகி மலை மாதிரி மேடு பண்ணி, இரண்டு படைகளையும் எதிரெதிரே நிறுத்தி ஆடுவார்களாம். என் வீட்டுக்காரர் வந்து கண்கள் விரிய விவரித்தார்.

"எப்படிங்க ஆடறது?"

"பகடை உருட்டணும். விழற நம்பருக்குத் தக்க மாதிரி ஆளு அடிப்பான், இல்ல அடிவாங்குவான். எவ்ளோ தூரம் நகரலாம்னு டேப் வச்சு அளப்பாங்க."

"தாயம்."

"தாயம் இல்ல. இது வேற."

"கட்டை உருட்டறாங்களா இல்லியா?"

"உருட்டறாங்க."

"அப்ப தாயம்தான்."

செங்கத்தில் எங்கள் தெருவில் தாயத்தில் என்னை ஜெயித்தவர்கள் கிடையாது. மாமன் மச்சான் எல்லோரையும் அழவைத்திருக்கிறேன். அந்த மேஜையில் எனக்கு ஒரு நாற்காலி வேண்டும் என்று அன்றைக்கே ஆசை வந்துவிட்டது. சின்ன ஆசை இல்லை. சோறு இறங்காத ஆசை. சொன்னேன். "அதெல்லாம் நல்லாருக்காது" என்றார். பொல்லாதவர் இல்லை. நாலு பேர் முன்னால் பேசவே கூச்சப்படுகிற மனுஷர், பெண்டாட்டிக்கு நாற்காலி கேட்க எங்கே போவார்.

பத்து நாள் கழித்து அந்தப் பெட்டியே எங்கள் வீட்டுக்கு வந்தது. பொம்மைகளுக்கு வர்ணம் கிடையாது, எல்லாம் ஒரே சாம்பல் நிறம். வெள்ளைக்காரர் கருவி வேலையாக பெங்களூர் போகவேண்டியிருந்தது. மயிரிழைக் கம்பியைப் பற்றவைக்கிற கை என்று என் வீட்டுக்காரரை நம்பி, திரும்பி வருவதற்குள் வர்ணம் அடித்துத் தரமுடியுமா என்று கேட்டிருக்கிறார். இவரும் உற்சாகத்தில் தலையாட்டிவிட்டு வந்துவிட்டார். முதல் பொம்மைக்கு மீசை வைக்கப் போனார். முகம் முழுக்க மீசை.

பிரஷைப் பிடுங்கினேன். மாட்டுப் பொங்கலுக்கு எங்கள் வீட்டு மாடுகளுக்கெல்லாம் கொம்புக்கு வர்ணம் அடிப்பது நான்தான். தலையை ஆட்டிக்கொண்டே இருக்கிற காளையின் கொம்பில் கோணாமல் வளையம் போட்டவளுக்கு, அசையாமல் நிற்கிற பொம்மையெல்லாம் ஒரு பொருட்டா?

"நான் அடிச்சுத் தர்றேன். கூலி வேணாம். ஒரே ஒரு ஆட்டம் நான் ஆடணும். சொல்லிடுங்க."

"கேட்டுப் பாக்கறேன்" என்றார். சொன்ன விதத்திலேயே கேட்கமாட்டார் என்று தெரிந்துவிட்டது.

செங்கம் போய்விட்டு வந்த பஸ்ஸில் எனாமல் டப்பாக்கள் வந்து இறங்கின. கத்திகளுக்கு, டோமுக்கு அடித்து டின் அடியில் மிச்சமிருந்த அலுமினிய பெயிண்ட் சொட்டு. பிரஷின் மயிரை வெட்டி வெட்டி நாலைந்து மட்டும் விட்டேன். பொம்மையைக் காலி வத்திப்பெட்டிமேல் மெழுகு உருக்கி நிறுத்திக்கொண்டால் கையில் திருப்ப வசதி. பட்டறை லென்ஸ் ஒன்றை இவர் ஸ்டாண்டோடு கொண்டுவந்து வைத்தார். மழை ஈரத்தில் பெயிண்ட் காய்வேனா என்றது. சமையல் முடிந்த அடுப்பைச் சுற்றிப் படையை நிறுத்திவைப்பேன். சாதம் வடிக்கிற இடத்தில் ராட்சசர்கள் குளிர்காய்வார்கள்.

ஒரு நாள் இரும்புச் சட்டை போட்ட ஒருத்தனுக்கு வெள்ளி அடித்துக் காயவைத்து, அதன்மேல் தண்ணியாகக் கரைத்த கறுப்பைப் பூசினேன். அசிங்கமாகிவிட்டது. ஐயோ என்று துணியால் துடைத்தேன். பள்ளத்தில் மட்டும் கறுப்பு தங்கி, மேட்டில் வெள்ளி எழுந்துவந்தது. சட்டையில் பின்னியிருந்த வளையம் ஒவ்வொன்றும் தனித்தனியாகத் தெரிந்தது. அதுவரை அங்கே வளையம் இருந்ததே எனக்குத் தெரியாது. எனக்கு வந்த சந்தோஷத்தை எப்படிச் சொல்ல. அடுப்பில் சாதம் குழைந்து களியாகிவிட்டது. அன்றைக்கு இவர் களிதான் தின்றார். அவரும் லென்ஸ் வழியாக அந்தச் சட்டையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

வெள்ளைக்காரர் சொல்லிவிட்டுப் போனது ஒன்றுதான். நல்லவங்களுக்குப் பளிச்சென்று, கெட்டவங்களுக்கு இருட்டாக.

"நல்லவங்க யாரு?" என்று கேட்டேன்.

"பாத்தாலே தெரியும்னாரு."

பார்த்தேன். தெரிந்தது. ஒரு கூட்டத்துக்குப் பிதுங்கின கண், கோரைப்பல், தொப்பை, ஓங்கின அரிவாள். இன்னொரு கூட்டம் தலையிலிருந்து கால்வரை இரும்பை மாட்டி, முகத்தையும் மூடிக்கொண்டிருந்தது. இதில் யோசிக்க என்ன இருக்கிறது?

குவார்ட்டர்ஸுக்குச் சாமையும் தேனும் கொண்டுவந்து விற்கிற மலைக்காரப் பெண் ஒருத்தி இருந்தாள். என் வயசுதான் இருக்கும். மழைக்கு எங்கள் வீட்டில் ஒதுங்கினவள் பெட்டியைப் பார்த்ததும் உட்கார்ந்துவிட்டாள். எல்லாரிலும் பெரியவன், கட்டைவிரல் உயரக் கோரைப்பல்லன். அவனை எடுத்து உள்ளங்கையில் வைத்துக்கொண்டாள்.

"இது எங்கவூரு எல்லைல நிக்குதே அக்கா. இத யாரு இம்மாத்தூண்டு பண்ணாங்க?"

"மூஞ்சிய மூடிக்கினு இருக்கானுங்களே, அவனுங்க?" என்று கேட்டேன்.

"மூஞ்சிய மூடிக்கினு எதுக்கு வருவான்? திருடத்தான் வருவான்."

பொம்மைகளை இரண்டு பேருமாகப் பிரித்து வைத்தோம். கோரைப்பல் கூட்டத்துக்குச் செக்கச் சிவந்த முகம், வெள்ளைப் பல், முறுக்கு மீசை, பச்சைக் கரை போட்ட மஞ்சள் வேட்டி. பெரியவனுக்குக் கழுத்தில் மாலையும் போட்டேன். இரும்புக்காரர்களுக்குக் கரியும் சேறும். வளையம் எழுந்து வந்தவனுக்கு மட்டும் மனசு வராமல் வெள்ளியை விட்டுவைத்தேன், கொள்ளைக்கூட்டத் தலைவன் என்று.

கடைசியில் பெரியவனின் கண்ணுக்குப் பிரஷை எடுத்தபோது அவள் என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள்.

"கண்ண இப்ப வைக்காத. எங்க நிக்கப்போவுதோ அங்க வச்சப்புறம்தான் கண்ணு. வர்ணம் வச்ச கைதான் அதையும் வைக்கணும்."

"வூட்லயே வச்சா?"

"உன் வூட்ட காவல் காத்துக்கினு இங்கியே நிக்கும். அந்தத் தொரைக்கு எதுக்கு ஒதவும்?"

சிரித்தேன். சிரித்துக்கொண்டிருக்கும்போதே நான் விரும்பின நாற்காலி கண்ணுக்குத் தெரிந்தது. அவள் சாமிக்காகச் சொன்னதை நான் எனக்காகவும் கேட்டுக்கொண்டேன். பிரஷைக் கழுவி வைத்துவிட்டு, இவர் வந்ததும் விஷயத்தைச் சொன்னேன். தலையைச் சொறிந்தார்.

வெள்ளைக்காரர் திரும்பி வந்த அன்று சாயங்காலம் இவர் பெட்டியைத் தூக்கிக்கொண்டு முன்னால் போனார். பின்னாலேயே நான் ஃபிளாஸ்க்கோடு, பிரஷையும் இரண்டு எனாமல் டப்பாக்களையும் முந்தானையில் முடிந்துகொண்டு. கண் திறப்பதைப் பார்க்காமல் போகமாட்டேன் என்று மலைக்காரியும் குடையோடு வந்தாள். கதவு ஒருக்களித்திருந்தது. படியில் நின்று எட்டிப்பார்த்தேன்.

வெள்ளைக்காரர் முதலில் ஓர் இரும்புக்காரனை எடுத்தார். திருப்பித் திருப்பிப் பார்த்தார். அப்புறம் ஒரு கோரைப்பல்லனை எடுத்தார். ஏதோ கேட்டார். இவருக்குக் காது சிவந்துவிட்டது. இவர் படிக்கு வந்து, "மாத்தி அடிச்சுட்டியாம். பல்லு வச்சவன் கெட்டவனாம். இரும்பு போட்டவன்தான் நல்லவனாம்" என்றார். உள்ளே ஆட்டத்துக்குக் காத்திருந்த மையத்து நூலகர் சத்தமாகச் சிரித்தார். எதற்கும் சிரிக்கிற மனுஷர்தான். எனாமல் காய்ந்துவிட்டால் உரித்தாலும் வராது. நாற்காலி போச்சு என்று நினைத்தேன். அழுகைகூட வந்தது.

வெள்ளைக்காரர் அதற்குள் பெரியவனை எடுத்துவிட்டிருந்தார். தன் கண்ணைத் தொட்டுக் காட்டி, இவனுக்கு ஏன் கண் இல்லை என்று கேட்டார். அது எனக்கே புரிந்தது.

இவர் என்னைத் திரும்பிப் பார்த்தார். மறந்துபோச்சு என்று சொல்லியிருக்கலாம், கதை அதோடு முடிந்திருக்கும். தொண்டையைச் செருமிக்கொண்டார். நிற்கிற இடத்தில் வைத்துத்தான் கண் திறக்கவேண்டும், வர்ணம் அடித்தவள்தான் திறக்கவேண்டும், அவள் வெளியே நிற்கிறாள் என்று தன்னிடமிருந்த இங்கிலீஷையெல்லாம் திரட்டிச் சொன்னார். நாலு பேர் முன்னால் அவர் அவ்வளவு நீளமாகப் பேசி நான் அதற்கு முன் கேட்டதில்லை.

வெள்ளைக்காரர் எழுந்துவந்து கதவை அகலத் திறந்து, "ப்ளீஸ்" என்றார்.

ஃபிளாஸ்க்கைத் திண்டின்மேல் வைத்துவிட்டு உள்ளே போனேன். மலைக்காரி எனக்கு முன்னால் போய், கம்பளி மேட்டின் உச்சியில் பெரியவனை நிறுத்தி, காலடியில் ஒரு பிடி சாமையை வைத்தாள். முந்தானையிலிருந்து கைக்கண்ணாடியை எடுத்து அவன் முகத்துக்கு நேரே பிடித்தாள்.

"மொதல்ல தன்னத்தான் பாக்கணும். இல்லன்னா எதிர்ல நிக்கறவங்க தாங்கமாட்டாங்க."

எதிரில் நின்றது நூலகர். நைசாக நகர்ந்து கேரம் போர்டு பக்கம் போய்விட்டார். அவர் இப்போது சிரிக்கவில்லை.

மூச்சைப் பிடித்துக்கொண்டு இரண்டு வெள்ளைப் புள்ளி வைத்தேன். காயும்வரை ஊதிக்கொண்டே இருந்தேன், ஓட்டில் மழைச் சத்தம். அப்புறம் இரண்டு கறுப்புப் புள்ளி. அவள் கண்ணாடியை விலக்கினாள். அவன் அறையைப் பார்த்தான். பொம்மை என்று தெரிந்த எனக்கே மயிர்க்கூச்செறிந்தது.

வெள்ளைக்காரர் குனிந்து அவனை வெகுநேரம் பார்த்தார். இவனை எப்படி நல்லவன் என்று நினைத்தீர்கள் என்று இவர் மூலமாகக் கேட்டார்.

"அவங்கவூரு எல்லைல யாரு நிக்கறாங்கன்னு கேளுங்க" என்றேன்.

அவர் யோசித்தார். யாரும் இல்லை, ஊர்ப் பேர் எழுதின ஒரு பலகை நிற்கும் என்றார்.

"அதான்" என்றேன். "பலகைக்குப் பயந்து எவன் ஓடுவான்? பல்லு இருக்கறவன்தான் காவலுக்கு நிக்கமுடியும்."

இவர் அதை மொழிபெயர்த்ததும் அவர் சிரித்தார் பாருங்கள், கண்ணில் நீர் வர. இன்றைக்கும் நான் அடித்த வர்ணம் தப்பு என்று ஒப்புக்கொள்ளமாட்டேன், அவரும் அப்புறம் தப்பென்று சொல்லவில்லை. கதையை அங்கேயே திருப்பிவிட்டார். மேடுதான் ஊர், கோரைப்பல் கூட்டம் அதைக் காக்கிறது, இரும்புக்காரர்கள் கொள்ளையடிக்க வருகிறார்கள். கொள்ளைக்காரர்களுக்கு அவரும் நூலகரும் தலைமை. காவலுக்கு யார் என்று அவர் கேட்கவில்லை. ஒரு நாற்காலியை இழுத்து, கால் ஆடுகிறதா என்று அழுத்திப் பார்த்து, என் பக்கம் தள்ளினார்.

உட்கார்ந்தேன். மலைக்காரி எனக்கு ஆலோசகர், இவர் டேப் பிடிக்கிறவர். அவர்கள் பகடையைக் கோப்பையில் போட்டுக் குலுக்கினார்கள். நான் உள்ளங்கையில் உரசி உருட்டினேன், தாயத்துக்கு உருட்டுகிற மாதிரியே. ஆறு விழுந்தது. மறுபடியும் ஆறு. நூலகர் பகடையை வாங்கிச் சோதித்துப் பார்த்தார். வெள்ளிச் சட்டைக்காரன் மேட்டில் ஏறிவந்து என் ஆட்கள் மூன்று பேரைச் சாய்த்துவிட்டான். என் கையால் அழகு பண்ணினவனே என்னை அடிக்கிறானே என்று கோபமும் வந்தது, பெருமையாகவும் இருந்தது. பெரியவனை இறக்கினேன்.

அந்த நேரம் பார்த்து நூலகர், "டீ இன்னா ஆச்சு?" என்றார்.

தக்கை தேய்ந்த ஃபிளாஸ்க், வெளியே திண்டில் கிடந்து டீ ஆறியிருக்கும். பழக்கதோஷம், உடம்பு தானாக நாற்காலியிலிருந்து பாதி எழுந்துவிட்டது.

"நீ உக்காரு" என்றார் என் வீட்டுக்காரர். "உன் ஆளு நடுக்காட்டுல நிக்கறான்." டேப்பை மலைக்காரி கையில் கொடுத்துவிட்டு, குடையை எடுத்துக்கொண்டு மழையில் இறங்கி வீட்டுக்குப் போனார்.

நான் பெரியவனை வெள்ளிச் சட்டைக்காரனுக்கு நேரே நகர்த்தி, பகடையை உள்ளங்கையில் உரசிக்கொண்டிருந்தபோது கதவு தட்டும் சத்தம் கேட்டது. இவர்தான். சுடச்சுட டீயோடு படியில் நின்று தட்டிக்கொண்டிருந்தார்.

"கதவு தெறந்துதாங்க இருக்குது" என்றேன், மேஜையிலிருந்து கண்ணை எடுக்காமல். "உள்ள வாங்க."